பேக்கப் எடுத்தாச்சு... பூட்டுப் போட்டாச்சா?

ஒரு புதன்கிழமை காலை. பல் துலக்கப் போகும்போது போன் அடித்தது. எங்கள் ஊரில் கல்யாண ஃபோட்டோ எடுக்கும் ஸ்டுடியோ அண்ணன். என் தங்கை கல்யாணத்துக்கும் அவர்தான் படம் எடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் ஸ்டுடியோ வரைக்கும் வர முடியுமா? எந்த ஃபோட்டோவும் திறக்க மாட்டேங்குது. ஃபைல் பேரெல்லாம் ஏதோ வேற மாதிரி மாறிக் கிடக்கு."

"பேக்கப் இருக்குல்லண்ணே?"

"இருக்கு தம்பி. அதுக்குத்தானே சர்வர் வாங்கி வெச்சோம். ஆனா அதுலயும் எதுவும் திறக்கல."

அதைக் கேட்டதும் எனக்குப் பல் துலக்கும் நினைப்பே போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நடந்தது இதுதான். ஸ்டுடியோவில் எடிட்டிங் கம்ப்யூட்டர் மூன்று. அவற்றில் ஒன்றில், முந்தைய நாள் இரவு, வேலை செய்யும் பையன் ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேரின் 'கிராக்' என்று எதையோ டவுன்லோடு செய்து ஓடவிட்டிருக்கிறான். அது ரான்சம்வேர். ஃபைல்களை எல்லாம் புரியாத எழுத்தாக மாற்றிவிட்டு, 'பணம் கொடு, சாவி தருகிறேன்' என்று மிரட்டும் வைரஸ். அது அந்தக் கம்ப்யூட்டரை முடித்தது. பிறகு நெட்வொர்க் வழியாகச் சர்வரில் உள்ள வேலை ஃபோல்டருக்குள் போனது. அதை முடித்ததும் பக்கத்திலேயே இருந்த 'பேக்கப்' ஃபோல்டருக்குள் நுழைந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய பூட்டு அங்கே இல்லவே இல்லை.

சர்வரில் உட்கார்ந்து பார்த்தேன். பேக்கப் ஃபோல்டரின் அனுமதி எண்: 777.

மதியம் ஒரு அம்மா வந்தார். நான்கு மாதம் முன்பு மகள் கல்யாணம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம். போன வாரம் அவர் கணவர் காலமாகிவிட்டார். "அவர் சிரிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு படம் இருந்தா குடுங்க தம்பி. பெருசா பிரேம் போடணும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சர்வரைப் பார்த்தேன்.

அந்த அம்மாவின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த 777 என்ன என்று பார்த்துவிடுவோம். இது கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் மருத்துவ ரிப்போர்ட் இருக்கும் லேப், வருமான வரிக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ், பிள்ளை படிக்கும் பள்ளி, எல்லா இடத்திலும் ஒரு பேக்கப் இருக்கிறது. அதற்குள் நீங்களும் இருக்கிறீர்கள்.

மூன்று பேர், மூன்று உரிமை

பல பேக்கப் சர்வர்களில் லினக்ஸ்தான் ஓடுகிறது. லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரோடு சேர்ந்த ஒரு குழு உண்டு. மீதி எல்லோரும் மூன்றாவது வகை. ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர், குடும்பத்தார், ஊரார். அவ்வளவுதான்.

இந்த மூன்று தரப்புக்கும் தனித்தனியாக மூன்று உரிமைகள் கொடுக்கலாம். படிக்கலாம் என்பதற்கு 4 மதிப்பெண். எழுதலாம், மாற்றலாம் என்பதற்கு 2. இயக்கலாம் என்பதற்கு 1. கொடுக்கும் உரிமைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். படிக்கவும் எழுதவும் என்றால் 6. மூன்றும் என்றால் 7. ஒன்றுமே இல்லை என்றால் 0.

இப்போது 640 என்று ஒரு எண்ணைப் பாருங்கள். வீட்டுக்காரருக்கு 6, படிக்கலாம், மாற்றலாம். குடும்பத்துக்கு 4, படிக்க மட்டும். ஊராருக்கு 0, எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. 777 என்றால்? ஊரார் எல்லோருக்கும் எல்லா உரிமையும். வீட்டுப் பத்திரத்தை பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டு வருவது மாதிரி.

"அப்புறம் ஏன் தம்பி அந்த சர்வர்காரர் 777 போட்டாரு?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. காரணம் ரொம்பச் சாதாரணம். பேக்கப் சாஃப்ட்வேரை நிறுவும்போது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று ஒரு பிழைச் செய்தி வரும். எந்த யூசர் பெயரில் சாஃப்ட்வேர் ஓடுகிறது, ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பத்து நிமிடம் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் மணி இரவு எட்டு ஆகியிருக்கும். அடுத்த வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருப்பார். 777 போட்டால் பிழைச் செய்தி அந்த நொடியே போய்விடும். பூட்டில் சாவி சரியாக நுழையவில்லை என்று கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போவது இது. கதவு இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும், திருடன் வரும்வரை.

1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு

இந்த அனுமதி எண்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்தான்.

1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பல பேர் பங்கிட்டுப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை. ஃபைல்களை அச்சடித்துத் தரும் வசதி ஒன்று அங்கே இருந்தது. துளையிட்ட அட்டையில் கணக்கு எண்ணையும் ஃபைலின் பெயரையும் கொடுத்தால் போதும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் இருக்கும் ஃபைலை அச்சடிக்கச் சொல்லி அட்டையைக் கொடுத்தார். சனிக்கிழமை காலை வந்து, அச்சாகிக் கிடந்த தாளை எடுத்துக்கொண்டு போனார். 'நீ யார், உனக்கு எதற்கு இது' என்று அந்த வசதி கேட்கவே இல்லை.

அதே பத்தாண்டின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். 1971-ல் வந்த அதன் முதல் கையேட்டிலேயே ஃபைல் அனுமதியை மாற்றும் 'சிஎச்மோடு' கட்டளை இடம்பெற்றிருக்கிறது. இன்றைக்கு லினக்ஸ் சர்வரில் தட்டுவதும் அதே கட்டளைதான். ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பூட்டு கையில் இருக்கிறது. பூட்டத்தான் மறந்துபோகிறோம்.

நகலில் ஏன் கூடுதல் கவனம்?

"ஒரிஜினல்தானே முக்கியம், பேக்கப் வெறும் நகல்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நகல்தான் அதிக ஆபத்து.

ஒரு ஆபீஸில் சம்பளப் பட்டியல் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். வாடிக்கையாளர் விவரம் இன்னொன்றில். முதலாளியின் இமெயில் வேறொன்றில். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. பேக்கப் சர்வரோ இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறது. ஒரிஜினலில் மேனேஜர் மட்டும் பார்க்கக்கூடிய ஃபைல், நகலில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தால், மேனேஜர் போட்ட பூட்டுக்கு அர்த்தமே இல்லை. திருட வருபவரும் மூன்று கம்ப்யூட்டரை உடைப்பதைவிட ஒரு பேக்கப்பைத் தூக்குவதைத்தான் விரும்புவார்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2023 செப்டம்பரில் விஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள், சில மாடல்களைப் பொதுமக்கள் டவுன்லோடு செய்துகொள்ள கிட்ஹப் தளத்தில் ஒரு இணைப்பைக் கொடுத்திருந்தார்கள். அந்த இணைப்பு குறிப்பிட்ட ஃபைல்களுக்கு மட்டும் வழிவிட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த ஸ்டோரேஜ் கணக்கு முழுவதற்கும் வழிவிட்டது. உள்ளே இருந்தது 38 டெராபைட். அதில் இரண்டு ஊழியர்களின் கம்ப்யூட்டர் பேக்கப்புகளும் அடக்கம். அந்த பேக்கப்புகளுக்குள் பாஸ்வேர்டுகள், ரகசியச் சாவிகள், 30,000-க்கும் மேற்பட்ட அலுவலக உரையாடல்கள். இதைவிட முக்கியம், அந்த இணைப்புக்குக் கொடுத்திருந்த உரிமை 'படிக்க மட்டும்' அல்ல. முழுக் கட்டுப்பாடு. பார்ப்பவர் நினைத்தால் அழிக்கலாம், மாற்றியும் வைக்கலாம். வாடிக்கையாளர் விவரங்கள் எதுவும் வெளியே போகவில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. தகவல் கிடைத்த இரண்டே நாளில் அந்த இணைப்பை முடக்கியும் விட்டார்கள்.

ஸ்டுடியோ சர்வரில் நடந்ததும் இதேதான். அளவுதான் வேறு.

பூட்டிய பெட்டி, திறந்த பரண்

இங்கே அனுபவமுள்ளவர்களே தடுமாறும் ஒரு இடம் இருக்கிறது. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஒரு ஃபைலுக்கு 600 போட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாது, மாற்ற முடியாது. பத்திரம்தானே? அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர் 777-ல் இருந்தால், பத்திரமில்லை. ஃபைலை அழிக்கும் உரிமை ஃபைலில் இல்லை, ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டரில் எழுதும் உரிமை உள்ள எவரும் அதற்குள் இருக்கும் ஃபைலை நீக்கலாம், பெயர் மாற்றலாம், அதே பெயரில் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கலாம்.

பரண் மேல் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிக்கு நல்ல பூட்டு. பரணுக்கு ஏணி சாத்தியே கிடக்கிறது. வருபவனால் பெட்டியைத் திறக்க முடியாது. ஆனால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாமே?

ஃபோல்டரைப் பொறுத்தவரை 'இயக்கலாம்' என்ற அந்த 1-க்கும் வேறு பொருள். அது உள்ளே நுழையும் உரிமை. அது இல்லாமல் ஃபோல்டருக்குள் இருக்கும் எந்த ஃபைலையும் தொட முடியாது. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. மேலே இருக்கும் தாய் ஃபோல்டருக்கு 700 போட்டுவிட்டால், உள்ளே ஆயிரம் ஃபோல்டர் எந்த அனுமதியில் இருந்தாலும் மற்றவர்களால் நுழைய முடியாது. வாசல் கதவைப் பூட்டினால் போதும், ஒவ்வொரு அறையாகப் போய்ப் பூட்ட வேண்டியதில்லை.

ஒவ்வொரு அறையாகப் பூட்டக் கூடாது என்றே சொல்வேன். சிலர் ஆர்வத்தில் பேக்கப்புக்குள் இருக்கும் எல்லா ஃபைலுக்கும் ஒரே கட்டளையில் அனுமதியை மாற்றிவிடுவார்கள். ஒரிஜினலில் எந்த ஃபைலுக்கு என்ன அனுமதி இருந்தது என்ற விவரமும் பேக்கப்பின் ஒரு பகுதிதான். அது அழிந்துவிடும். நாளைக்கு சர்வரே போய், பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி வைக்கும்போது, ஃபைல் எல்லாம் வந்துவிடும், ஆனால் பாதி சாஃப்ட்வேர் ஓடாது. உதாரணமாக, தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாஃப்ட்வேர், உங்கள் ரகசியச் சாவி ஃபைலை மற்றவர்களும் படிக்கலாம் என்ற நிலையில் பார்த்தால், அந்தச் சாவியைப் பயன்படுத்தவே மறுத்துவிடும். அதற்காவது அந்தப் பிடிவாதம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஸ்டுடியோவில் என்ன மாற்றினோம்?

அந்த வார இறுதியில் அண்ணனும் நானும் சர்வரைப் புதிதாக அமைத்தோம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், பேக்கப்புக்கென்றே தனியாக ஒரு யூசர். அந்தப் பெயரில் எந்த மனிதரும் லாகின் செய்ய முடியாது. இரவு பேக்கப் வேலை மட்டும் அந்தப் பெயரில் ஓடும். பேக்கப் ஃபோல்டருக்கு அந்த யூசர்தான் சொந்தக்காரர். அனுமதி 700. எடிட்டிங் செய்யும் பையன்களுக்கு அந்த ஃபோல்டர் நெட்வொர்க்கில் கண்ணிலேயே படாது.

"பழைய படம் வேணும்னா பசங்க எப்படி எடுப்பாங்க?" என்று அண்ணன் கேட்டார். "உங்ககிட்ட கேட்டு எடுப்பாங்கண்ணே" என்றேன். வாரத்தில் இரண்டு முறை வரும் தேவைக்காகத் தினமும் கதவைத் திறந்து வைப்பானேன்?

அடுத்தது, பேக்கப் யூசர் வேலை ஃபோல்டரைப் படித்தால் போதும், அதில் எழுதக் கூடாது. வேலை ஃபோல்டரில் எடிட்டிங் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கிறது. பேக்கப் யூசரையும் அந்தக் குழுவில் சேர்த்தால் அதற்கும் எழுதும் உரிமை போய்விடும். சொந்தக்காரர், குழு, மற்றவர் என்ற மூன்று தரப்புக்குள் இது அடங்கவில்லை. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் லினக்ஸில் ஏசிஎல் என்ற கூடுதல் வசதி இருக்கிறது. 'இந்த ஒரு யூசருக்கு மட்டும் படிக்கும் உரிமை' என்று தனியாகக் கொடுக்கலாம். இனிமேல் உருவாகும் ஃபைல்களுக்கும் அதே ஏற்பாடு தொடரும்படி செய்யலாம்.

மூன்றாவது, பேக்கப் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸ் ஃபைல். இதில்தான் பாஸ்வேர்டுகள் எழுதப்பட்டிருக்கும். பழைய சர்வரில் இது 644. அதாவது சர்வரில் லாகின் செய்யும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 600 ஆக மாற்றினோம். லாக் ஃபைல்களையும் விடவில்லை. அவற்றில் வாடிக்கையாளர் பெயரும் கல்யாணத் தேதியும் வரிசையாக இருந்தன.

நான்காவது, யூமாஸ்க். புதிதாக உருவாகும் ஃபைலுக்கு என்ன அனுமதி என்பதைத் தீர்மானிக்கும் வடிகட்டி இது. பல சர்வர்களில் இது 022 என்று இருக்கும். அப்படியானால் புது ஃபைல் 644 ஆகவும், புது ஃபோல்டர் 755 ஆகவும் பிறக்கும். ஊரார் படிக்கலாம். இதை 077 ஆக்கினால் ஃபைல் 600, ஃபோல்டர் 700. ஒரு குழு மட்டும் படிக்க வேண்டுமென்றால் 027 போடலாம். ஃபைல் 640, ஃபோல்டர் 750. இன்றைக்குப் பூட்டிவிட்டு வந்து, நாளைக்கு உருவாகும் ஃபைல் திறந்தே கிடந்தால் என்ன பயன்?

ஐந்தாவதுதான் மிக முக்கியம். தேதி வாரியாகத் தனித்தனி நகல். அனுமதி எல்லாம் சரியாகவே இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு பேக்கப் ஓடும்போது, வேலை ஃபோல்டரில் இருப்பது ஏற்கெனவே ரான்சம்வேர் கெடுத்த ஃபைல் என்றால்? பேக்கப் சாஃப்ட்வேர் அதையும் பொறுப்பாகக் காப்பி செய்து, நல்ல நகலின் மேல் எழுதிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதை. அதனால் ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்ட தனி ஃபோல்டர் வைத்தோம். ஆர்சிங்க் போன்ற இலவச சாஃப்ட்வேரில், மாறாத ஃபைல்களைத் திரும்பக் காப்பி செய்யாமல் பழைய நகலோடு இணைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், இடமும் அதிகம் பிடிக்காது.

இதிலேயே இன்னொன்று. பேக்கப்பை யார் தொடங்குவது? எடிட்டிங் கம்ப்யூட்டர் தானே போய் சர்வரில் எழுதுவது ஒரு முறை. சர்வர் வந்து எடுத்துக்கொண்டு போவது இன்னொரு முறை. முதல் முறையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் பேக்கப்பின் சாவி இருக்கும். அதில் ஒன்று கெட்டால் சாவியும் போச்சு. சர்வர் வந்து எடுத்துக்கொள்ளும் முறையில் அந்தச் சாவி யாரிடமும் இல்லை. ஸ்டுடியோவில் இதைத்தான் வைத்தோம்.

பென் டிரைவுக்குப் பூட்டே கிடையாது

"அப்ப இனிமே கவலை இல்லையா தம்பி?"

இருக்கிறது. இந்த அனுமதி எண்கள் எல்லாம் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை தடுக்கும். சர்வரிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், அங்கே அவர்தான் ராஜா. 700 ஆவது, 600 ஆவது! அதற்கு டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்ய வேண்டும். அந்த பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, சர்வர் இருக்கும் அறையில் இல்லாமல் வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

நாம் கடையில் வாங்கும் பென் டிரைவ், வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க்குகளில் பல எக்ஸ்ஃபாட் முறையில் வருகின்றன. அந்த முறையில் சொந்தக்காரர், குழு, அனுமதி என்ற விவரங்களைச் சேமிக்கவே இடம் கிடையாது. எவ்வளவு பூட்டிய ஃபைலாக இருந்தாலும், அதில் காப்பி செய்தவுடன் பூட்டு கழன்றுவிடும். அதனால் வெளியே எடுத்துப் போகும் நகலை என்கிரிப்ட் செய்தே எடுத்துப் போங்கள்.

வீட்டில் சர்வர் இல்லையே?

இருக்கிறது. உங்கள் போனில்.

கூகுள் டிரைவில் குடும்பப் படங்களை வைத்துவிட்டு, சொந்தக்காரர்களுக்கு இணைப்பு அனுப்புகிறீர்கள். அனுப்பும்போது 'இணைப்பு உள்ள எவரும்' என்று இருக்கிறதா, பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்கள் மட்டுமா என்று பாருங்கள். முதலாவது என்றால், அந்த இணைப்பு எத்தனை வாட்ஸ்அப் குழுவுக்குப் போனாலும் அத்தனை பேருக்கும் கதவு திறக்கும். கூடவே 'பார்வையாளரா', 'திருத்துபவரா' என்றும் பாருங்கள். லினக்ஸின் 4-க்கும் 6-க்கும் உள்ள அதே வித்தியாசம்தான். பார்ப்பதற்குக் கேட்டவருக்குத் திருத்தும் உரிமை எதற்கு?

வாட்ஸ்அப் பேக்கப்பிலும் ஒரு பூட்டு இருக்கிறது. 2021-ல் வந்த வசதி. செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப், அதற்குள் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப். நீங்களாகப் போய்த்தான் 'ஆன்' செய்ய வேண்டும். ஆனால் அங்கே வைக்கும் பாஸ்வேர்டை மறந்துவிட்டால், வாட்ஸ்அப்பே நினைத்தாலும் அந்த பேக்கப்பைத் திறந்து கொடுக்க முடியாது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகக் கடையோ, ஆபீஸோ, சின்ன கிளினிக்கோ நடத்துபவர்கள் உங்கள் கம்ப்யூட்டர்காரரை ஒருநாள் உட்கார வைத்து இந்த ஆறு கேள்வியைக் கேளுங்கள்:

• பேக்கப் ஃபோல்டரின் அனுமதி எண் என்ன? கடைசி இலக்கம் 0 தானே?

• பேக்கப் எந்த யூசர் பெயரில் ஓடுகிறது? அது பேக்கப்புக்கான தனி யூசர்தானா?

• பாஸ்வேர்டு இருக்கும் செட்டிங்ஸ் ஃபைலை யார் யார் படிக்கலாம்?

• என் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் அது பேக்கப்பை அழிக்க முடியுமா?

• போன வாரத்து நகல், போன மாதத்து நகல் தனித்தனியாக இருக்கிறதா?

• கடைசியாக எப்போது ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பார்த்தீர்கள்?

ஆறாவது கேள்விக்கு அவர் தலையைச் சொறிந்தால், அன்றைக்கே ஒரு ஃபைலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நம்மிடம் இருக்கும் அடுத்தவர் விவரத்தைப் பத்திரமாக வைப்பது இப்போது வெறும் நல்லெண்ணம் மட்டுமல்ல. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

ஸ்டுடியோ அண்ணன் பணம் கட்டவில்லை. கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டு வருடம் முன்பு, பொங்கலுக்கு ஸ்டுடியோவைச் சுத்தம் செய்யும்போது, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி செய்து வீட்டு பீரோவில் போட்டு வைத்திருந்தார். அது எதிலும் மாட்டாமல் கிடந்ததால் தப்பித்தது. அதற்குப் பிந்தைய கல்யாணங்கள் போனது போனதுதான்.

அந்த அம்மாவுக்கு? கல்யாணத்தன்று இரவு பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய முப்பது நாற்பது படங்கள் அவள் போனில் இருந்தன. அதில் ஒன்றில், பந்திக்குப் பக்கத்தில், கூட்டத்துக்கு நடுவே, அந்த அப்பா யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதை வெட்டி எடுத்து, அண்ணன் இரண்டு இரவு உட்கார்ந்து சரிசெய்தார். வாட்ஸ்அப்பில் போன படம், அதிலும் ஓர் ஓரத்திலிருந்து வெட்டியது. பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலங்கியது.

அந்த அம்மா பெரிய பிரேம் கேட்டிருந்தார். உள்ளங்கை அளவு பிரேம்தான் போட முடிந்தது. அண்ணன் காசு வாங்கவில்லை. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போதும் தம்பி, சிரிக்கிறாருல்ல" என்றார். அவர் போன பிறகு அண்ணன் வெகுநேரம் பேசவில்லை.

இப்போது ஸ்டுடியோவில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு பழைய கல்யாணத்தைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறார்கள். திறந்தால் எல்லோருக்கும் டீ. போன மாதம் நானும் போயிருந்தேன். திறந்தது. என் தங்கை கல்யாணம்!